முப்பத்தாறாவது படம்

விருதுநகர்
3 பிப்ரவரி 2025

மாதங்கிக்கு,

ராஜவேல் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். இரண்டு பக்கம்தான், படித்துவிட்டுக் கிழி. போனில் கூப்பிட்டால் இரண்டாவது நிமிடத்தில் சண்டை வரும். வாட்ஸ்அப்பில் நீ என்னை பிளாக் செய்து எட்டு வருஷம் ஆகிறது. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

நாம் பிரிந்தபோது படங்கள் உனக்கு, நெகட்டிவ் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நீ ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நான் நெகட்டிவ் கவர்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். இருபது வருஷம் அந்த டின்னைத் திறக்கவில்லை. போன வருஷம் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். இப்போது தினமும் காலை டிபன் முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக வைக்கிறேன். நம் சுபாஷிணி முதலில் கறுத்த பல்லும் வெள்ளை முடியுமாகத் திரையில் வருகிறாள். ஒரு பொத்தானை அழுத்தினால் குழந்தையாகிவிடுகிறாள்.

ஒரு விஷயம் தெரியுமா? பிரிண்ட் போடும்போது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். நெகட்டிவில் அது இருக்கிறது. மூன்றாவது பிறந்தநாள் படத்தில், நாற்காலியில் நிற்கிறாளே, அதில் ஓரத்தில் உன் கை இருக்கிறது. விழாமல் இருக்க முதுகுப் பக்கம் பிடித்திருக்கிறாய். உன் ஆல்பத்தில் அந்தக் கை இருக்காது. அதையும் இன்னும் பதினொரு படங்களையும் இதோடு வைத்திருக்கிறேன்.

டின் முடிந்துவிட்டது, மாதங்கி. கழுவாத அந்த ஒரு ரோல்தான் பாக்கி. அது உன்னிடம் இருக்கிறது.

2003 அக்டோபர், ரயில் மியூசியம் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. மறுநாள் சாயங்காலம்தான் காய்ச்சல் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். மியூசியத்திலேயே உடம்பு கொதித்தது, சொல்லியும் நான் கேட்கவில்லை என்று நீ சொல்கிறாய். டாக்டர் வேறு, ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று வாயை வைத்துவிட்டார். அந்த ஒரு நாளில்தான் நம் குடும்பம் போனது. முப்பத்தாறு படங்களில் பாதியில் அவள் முகம் இருக்கும். டெங்கு வந்த குழந்தையின் கண் படத்தில் தெரியாமலா போகும்? எனக்கு வயது அறுபத்திரண்டு. பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

ரோலைக் கொடு. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

ராஜவேல்


புது தில்லி
20 பிப்ரவரி 2025

திரு. ராஜவேல் அவர்களுக்கு,

தங்கள் 3-2-2025 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. கிண்டல் இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஃபைலில் நோட்டிங் எழுதிய கை, உங்களுக்கு எழுதும்போது தானாக இப்படித்தான் வருகிறது.

பன்னிரண்டு படங்களும் கிடைத்தன. கையைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கை இருந்ததால்தான் அவள் விழவில்லை. அதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு மெஷினும் இருபது வருஷமும் தேவைப்பட்டிருக்கிறது.

ரோலைக் கொடுக்க மாட்டேன். எதற்குக் கொடுக்க வேண்டும்? யார் சொன்னது சரி என்று பார்க்கவா? எனக்குப் பார்க்க வேண்டியதில்லை, நான் அங்கே இருந்தேன். வாடிப் போய் நின்றாள். கண் சிவந்திருந்தது. "வீட்டுக்குப் போயிடலாங்க"ன்னு நான் சொன்னேன். "குட்டி ரயிலு ஒரு ரவுண்டு, அவ்வளவுதான்"ன்னு சொன்னது யார்? கடைசியில் அப்படி அழுதாளே, அது எதற்கு? ஆறு வயதுக் குழந்தை ரயிலையெல்லாம் பார்த்துவிட்டுச் சும்மா அழுமா? உடம்பு முடியாமல் அழுதாள்.

ரோல் பத்திரமாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம். கேமரா உங்கள் ஆபீஸ் ஸ்ரீதருடையது. பதினாறாம் நாள் வந்து, ரோலை எடுத்து என் கையில் கொடுத்து, "ஃப்ரிட்ஜ்ல வைங்க மேடம், கெடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பதினைந்து வருஷம் ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் குழியில் இருந்தது. 2018-இல் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். நாம் இருந்த வீடு இப்போது இல்லை, இடித்து உயரமாக ஏதோ கட்டியிருக்கிறார்கள். நான் பக்கத்திலேயே பிலஞ்ஜியில் ஓர் அறை பார்த்துக்கொண்டேன். சாமான் தூக்குகிறவர்கள் "ஜல்தி ஜல்தி" என்று கையில் கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டினார்கள். பயந்து போய் ரோலை எடுத்துக் கைப்பையில் போட்டேன். அன்றிலிருந்து அது என் பையை விட்டு இறங்கவில்லை. அடையாள அட்டை, பிரஷர் மாத்திரை, ரோல். சரோஜினி நகரில் மெட்ரோ ஏறி லோதி ரோடு ஆபீஸுக்குப் போகும்போதும் வரும்போதும், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கருவேப்பிலை வாங்கும்போதும் என்னோடுதான் இருக்கிறது. ஆறரை வருஷமாக ஒரு நாள்கூட நான் அவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை.

உங்களால் அப்படிச் சொல்ல முடியுமா?

மாதங்கி


விருதுநகர்
4 மார்ச் 2025

மாதங்கிக்கு,

திட்டியதெல்லாம் சரி. பதில் எழுதினாயே, அதுவே போதும்.

அழுதது எனக்கு ஞாபகம் இல்லை.

ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாய் என்று படித்ததும் எழுந்து இரண்டு நடை நடந்தேன். ஸ்ரீதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். குளிரில் இருந்த பிலிம் இருபது வருஷம் கழித்தும் கழுவினால் படம் வரும். பிறகு பையில் இருந்தது கொஞ்சம் சூடுதான், தில்லி வெயில் வேறு. ஆனாலும் டப்பாவுக்குள்ளே இருக்கிறது. நிறம் கொஞ்சம் போகும், முகம் வரும்.

நீ எனக்கு அனுப்ப வேண்டாம். மனசு மாறினாலும் அனுப்பாதே. தபாலில் போட்டால் விமானத்தில் ஏற்றுவார்கள், எக்ஸ்ரே மெஷினுக்குள் விடுவார்கள். கழுவாத பிலிமுக்கு எக்ஸ்ரே விஷம். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே படம் முழுக்கப் புகை மூடின மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை பட்டால் தப்பிக்கலாம், இரண்டு மூன்று தடவை என்றால் பழைய ரோல் தாங்காது. பட்டது பட்டதுதான், ஒவ்வொரு தடவையும் சேர்ந்துகொண்டே போகும். ஆகையால் யார் கையிலும் கொடுக்காமல் நீயே எடுத்துக்கொண்டு போ. தில்லியில் இன்னும் கலர் பிலிம் கழுவுகிற லேப் ஒன்று இருக்கிறது, விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நான் அங்கே இருந்தவரை நம் பக்கம் மெட்ரோ கிடையாது. இப்போது நீ தினமும் போகிறாயே, மெட்ரோவிலேயே போய்விடு. ஆட்டோக்காரனோடு சண்டை போட வேண்டாம்.

நீயே முதலில் பார். நீ சொன்னதுதான் சரி என்று படத்தில் இருந்தால், அதையும் எழுது. ஒத்துக்கொள்கிறேன்.

ராஜவேல்


புது தில்லி
11 ஏப்ரல் 2025

திரு. ராஜவேல் அவர்களுக்கு,

ரோலை லேப்பில் கொடுத்தேன். எதுவும் வரவில்லை. பழைய ரோல் என்றார்கள்.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

மாதங்கி


விருதுநகர்
22 ஏப்ரல் 2025

மாதங்கிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

எதுவும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? கழுவின பிலிம் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. வெறும் கறுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியாதது ஸ்கேனரில் சில சமயம் எழும்பும். முதலில் எடுத்த படங்கள் சுருளின் வெளிப்புறம் இருக்கும், அவை போயிருக்கலாம். கடைசியில் எடுத்தவை உள்ளே நடுவில் சுற்றியிருக்கும். அங்கே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் இப்படிப் பிச்சைக்காரன் மாதிரி நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் உன்னோடு சண்டை போட்டுத்தானே ஊருக்கு வந்தேன்? துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தரிடமும் நீ சொன்னாய்: "மியூசியத்துலயே புள்ளைக்கு அனலா கொதிச்சுது. இவரு காதுலயே போட்டுக்கல." நான் இல்லை இல்லை என்று கத்தினேன். இங்கே வந்த பிறகு கத்துவதற்கு ஆளில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நீ சொன்னதை நான் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இப்போது கண்ணை மூடினால் சிவந்த கண்ணோடுதான் அவள் வருகிறாள். "அப்பா, கால் வலிக்குது" என்கிறாள். அது நான் கேட்டதா, நீ சொல்லி என் தலைக்குள் போனதா, தெரியவில்லை. முன்னால் எனக்கு ஞாபகம் இருந்த சிரிக்கிற சுபாவைத் தேடினால் கிடைக்கவில்லை.

தெரிந்தேதான் குழந்தையை அலைக்கழித்தேன் என்றால் அதோடு இருந்துகொள்கிறேன். ஏற்கெனவே அதோடுதான் இருக்கிறேன். தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை. பிலிமை அனுப்பு, மாதங்கி.

ராஜவேல்


புது தில்லி
9 மே 2025

சுபா அப்பாவுக்கு,

பொய் எழுதினேன். ஒன்றல்ல, இரண்டு.

முதல் பொய் பழைய ரோல் என்றது. ரோல் பழசானதால் போகவில்லை. நான் போக்கினேன்.

நீங்கள் போன பிறகு இங்கே மெட்ரோ எங்கே பார்த்தாலும் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்குள் நுழையும்போது பையை எக்ஸ்ரே மெஷினில் போட வேண்டும். எல்லோரும், எல்லா ஸ்டேஷனிலும், ஒவ்வொரு தடவையும். காலையில் சரோஜினி நகரில் ஒன்று, சாயங்காலம் ஆபீஸ் பக்கம் ஒன்று. "பேக் டாலியே மேடம்" என்பார் வாசலில் நிற்கிற பெண். போடுவேன். பை உள்ளே போகும், அந்தப் பக்கம் ஓடிப்போய் எடுத்துக்கொள்வேன். யாராவது மாற்றி எடுத்துவிடுவார்களோ, ரோல் போய்விடுமோ என்று ஓடுவேன்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை ஆபீஸில்தான் பிரித்தேன். எக்ஸ்ரே விஷம் என்ற வரி வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பக்கத்து சீட் மாலா, "க்யா ஹுவா தீதி, என்ன ஆச்சு, யாராவது போயிட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கொரோனா மூடின மாதங்களையும் லீவையும் கழித்துப் பார்த்தேன். எப்படிக் கழித்தாலும் இரண்டாயிரம் தடவைக்குக் குறையவில்லை. ஒரு தடவை பட்டால் தப்பிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். இனிமேல் காப்பாற்றி என்ன, ஆனாலும் ஆட்டோவில்தான் போனேன்.

லேப்காரர் நல்ல மனிதர். கழுவின பிலிமை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒரே பழுப்பு இருட்டு. "மேடம், இஸ் பர் எக்ஸ்ரே லகா ஹை" என்றார், இதில் எக்ஸ்ரே பட்டிருக்கிறதாம். மெட்ரோவில் கொண்டுபோனேன் என்றேன். "கித்னீ பார்?" எத்தனை தடவை என்கிறார்.

சுபா முகம் ஒன்றில்கூட இல்லை. ரயில் இல்லை, மஞ்சள் ஃப்ராக் இல்லை. முப்பத்தைந்து படங்கள் இருட்டு.

இரண்டாவது பொய், எதுவும் வரவில்லை என்றது. ஒன்று வந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே, உள்ளே நடுவில் சுற்றியிருந்த கடைசிப் படம். புகைக்கு நடுவில் தெரிகிறது, லேப்காரர் எப்படியோ எழுப்பிக் கொடுத்தார். அது சுபா எடுத்தது. "மே கீச்சூங்கி, நான்தான் எடுப்பேன்" என்று உங்கள் கழுத்திலிருந்து கேமராவைப் பிடுங்கினாளே, அது. படம் சாய்ந்திருக்கிறது. கீழேயிருந்து எடுத்ததால் நாம் இரண்டு பேரும் பெரிய ஆட்களாக நிற்கிறோம். ஒரு மூலையில் உருண்டையாக மங்கலாக ஏதோ இருக்கிறது. என்ன அது என்று நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல். லென்ஸின் மேல் விரலை வைத்துக்கொண்டே எடுத்திருக்கிறாள். அந்த ரோலில் அவள் என்று இருப்பது அந்த விரல் மட்டும்தான்.

இதற்கு ஏன் பொய் சொன்னேன் என்றால், படத்தில் நான் சிரிக்கிறேன். சும்மா இல்லை, வாயெல்லாம் பல்லாக. கையில் குச்சி ஐஸ். காய்ச்சல் குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு எந்த அம்மா ஐஸைத் தின்றுகொண்டு அப்படிச் சிரிப்பாள்? வீட்டுக்குப் போகலாம் என்று நான் கெஞ்சியதாக ஊரெல்லாம் சொன்னேனே, அந்த முகம் கெஞ்சுகிற முகம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. குழந்தை போன பிறகு யாரோ தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றி, எனக்குத் தெரியும் என்று நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல நிஜமாகிவிட்டது. நீங்களும் நம்பிவிட்டதாக எழுதியதைப் படித்ததும் அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தச் சிவந்த கண்ணை உங்கள் தலைக்குள் போட்டது நான்தான். சிரிக்கிற குழந்தையை எடுத்துக்கொண்டு இதைக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. கொஞ்சம் குனிந்து அவளை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முகத்தில் ஒரு கவலை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கத்தான் போயிருக்கிறீர்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது நீங்கள்தான் அவளைக் கவனித்திருக்கிறீர்கள். இருபத்தொரு வருஷம் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறேன்.

பிலிமை இன்னும் அனுப்பவில்லை. கேட்டால் அனுப்புகிறேன். மன்னிப்பு கேட்க எனக்கு வாயில்லை, ஆகையால் கேட்கவில்லை.

மாதங்கி


விருதுநகர்
20 மே 2025

மாதங்கி,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். நான் எழுதாவிட்டால் நீ எழுதியதுதான் நிற்கும், எனக்கு நல்ல பேர். இருபத்தொரு வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அதை வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

நான் நெற்றியைத் தொடப் போகவில்லை.

அது ஸ்ரீதரின் கேமரா. அவன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. "பத்திரம் சார்" என்று நாலு தடவை சொல்லிக் கொடுத்தான். அதை அவள் ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் நடந்தாள். என் முகத்தில் இருக்கிற கவலை கேமராவைப் பற்றியது. பிடுங்கத்தான் கை நீட்டினேன்.

அவள் பொத்தானை அழுத்தினாள். அது முப்பத்தாறாவது படம். ரோல் முடிந்ததும் கேமரா தானாகக் கர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. அவளுக்கு அது தெரியாது, உடைத்துவிட்டோம் என்று பயந்து கையை உதறினாள். நான் கத்தினேன். "அடுத்தவன் பொருளுடீ அது! உன்னையெல்லாம் யாரு தொடச் சொன்னா, சனியனே!" அதற்குத்தான் அழுதாள். அதற்குள் நீ காகிதத்தைப் போட ஐஸ் வாங்கின இடத்துக்குத் திரும்பிப் போயிருந்தாய், உனக்குக் கேட்கவில்லை. வந்து தூக்கிக்கொண்டாய். நான் கேமராவைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுதது ஞாபகம் இல்லை என்று மார்ச்சில் எழுதினேன். அது பொய். மறந்ததே இல்லை. நீ உடம்பு முடியாமல் அழுதாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவரை நானும் இல்லை இல்லை என்று கத்திக்கொண்டே இருந்தேன், ஆனால் எதற்கு அழுதாள் என்று மட்டும் சொல்லவில்லை. வீடு போகிறவரை என்னோடு பேசவில்லை. மறுநாள் காய்ச்சல். அப்புறம் என்னோடு அவள் பேசிய எதுவும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பேசிய மாதிரி இல்லை. நான் சமாதானம் செய்ய நினைத்துக்கொண்டே இருந்தேன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் செய்யலாம் என்று.

அன்றைக்கு உடம்பு சுட்டதா என்று இனிமேல் யாருக்கும் தெரியாது. நான் தொடவில்லை. ஆனால் நீ சிரித்தது அவளைப் பார்த்து. படத்தில் அது நிஜம், அதை வைத்துக்கொள். அவள் கடைசியாகக் கேமராவுக்குள் பார்த்தது உன் சிரிப்பும் என் கையும்தான்.

எனக்கு அந்தப் படம் வேண்டாம். ஸ்கேனரைப் பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டேன். டின்னில் இருக்கிற நெகட்டிவ் எல்லாம் உனக்குப் பதிவுத் தபாலில் வருகிறது. அந்த விரல் இருக்கிற துண்டையும் நீயே வைத்துக்கொள்.

பையிலேயே வைத்துக்கொள். மெட்ரோவில் போகலாம், ஆட்டோ வேண்டாம். கழுவின பிலிமை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது.

ராஜவேல்